ஏப்ரலுக்கு முன் ஒரு வார்த்தை: மொரீஷியஸின் தமிழ் மென்பொருள் முதலாளிகளுக்குத் திறந்த மடல்

எபேனின் கண்ணாடிக் கட்டடங்களிலும், போர்ட் லூயியின் பழைய மாடிகளிலும், ரோஸ் ஹில்லில் கடைக்கு மேல் இரண்டு மேசை போட்டும் ஜாங்கோ என்கிற பைத்தான் கட்டமைப்பில் இணையதளம் கட்டிப் பிழைக்கிற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

நம் அலுவலகங்களில் நிரல் ஆங்கிலத்தில், மின்னஞ்சல் பிரெஞ்சில், சண்டை கிரியோலில். இந்த நேரத்தில் தமிழில் ஒரு மடலா என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள். நான் பேச நினைப்பவர்களில் பலர் கோவில் கமிட்டியில் இருக்கிறவர்கள், பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புகிறவர்கள். கொஞ்சம் உரிமையோடும் கொஞ்சம் கடுப்போடும் பேச எனக்கு இதுதான் தோது. தவிர, பாரிஸிலோ ரீயூனியனிலோ இருக்கும் உங்கள் கிளையன்ட் இதைப் படித்துவிட்டு உங்களைக் கேள்வி கேட்க வழியில்லை. அந்த மட்டில் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறேன்.

விஷயம் இதுதான். ஜாங்கோ 4.2-க்கான ஆதரவு 2026 ஏப்ரலோடு முடிகிறது. 2023 ஏப்ரலில் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு அது. சொன்னபடி மூன்று வருஷம் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுத்துவிட்டார்கள். அந்த வரிசையில் அடுத்தது 5.2. அது 2025 ஏப்ரலில் வந்தது, 2028 ஏப்ரல் வரை தாங்கும். 2025 டிசம்பரில் 6.0-வும் வந்தாயிற்று. எட்டு மாதத்துக்கு ஒரு பதிப்பு, இரண்டு வருஷத்துக்கு ஒரு நீண்டகாலப் பதிப்பு என்ற இந்தக் கணக்கு பல வருஷமாகப் பிசகாமல் நடக்கிறது. கல்யாண மண்டபம் பிடிப்பதற்குக்கூட நமக்கு இவ்வளவு முன்னறிவிப்பு கிடைப்பதில்லை. ஆனாலும் உங்களில் பலர் 4.2-க்கே இன்னும் வந்து சேரவில்லை. "எங்களுடையது 3.2-வில் அருமையாக ஓடுகிறது" என்று போன மாதம்கூட ஒருவர் பெருமையாகச் சொன்னார். அதற்கு 2024 ஏப்ரலிலேயே பால் ஊற்றியாகிவிட்டது என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே காபி சொன்னார்.

நல்லாத்தானே ஓடுது, ஏன் தொடணும்? எங்கே போனாலும் இதே பதில். சரி, அப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு தளத்தின் கதையைக் கேளுங்கள்.

வேறொரு அலுவலகம் கட்டிவிட்டுக் கைகழுவிய முன்பதிவுத் தளம் ஒன்று எங்களிடம் பராமரிப்புக்கு வந்தது. மருத்துவரைப் பார்க்க நேரம் குறிக்கும் தளம். புகார் விநோதமாக இருந்தது. காலை பத்து மணிக்கு நேரம் கொடுத்தால், நோயாளிக்குப் போகும் குறுஞ்செய்தியில் 10:10 என்று வருகிறது. இரண்டு மணி என்றால் 2:10. எல்லா நாளும், எல்லாருக்கும் அதே பத்து நிமிடம். நான்கு மணி நேரம் தள்ளிப்போனால் யாரோ யுடிசியை, அதாவது உலகப் பொது நேரத்தை, உள்ளூர் நேரமாக மாற்ற மறந்துவிட்டார்கள் என்று ஒரு நொடியில் சொல்லிவிடலாம். ஒரு மணி நேரம் என்றால் கோடைகால நேரக் குளறுபடி. பத்து நிமிடம் எங்கிருந்து வரும்? வரவேற்பு மேசையில் இருந்த பெண் ஒருவர் இதற்கு விடை தேடவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் போன் போட்டு, "மெசேஜில் வருவதில் பத்து நிமிடம் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பழகிவிட்டிருந்தார். அந்தத் தளத்தின் உண்மையான பராமரிப்பாளர் அவர்தான்.

காரணம் 1907-ல் இருந்தது. அந்த வருஷம்வரை போர்ட் லூயிக்குச் சூரியனைப் பார்த்து வைத்த சொந்த நேரம் உண்டு. கிரீன்விச்சுக்கு 3 மணி 50 நிமிடம் முந்தி. அப்புறம்தான் முழுசாக 4 மணி நேரம் என்று மாறியது. உலகத்தின் நேர வலயத் தரவுத்தளத்தில் மொரீஷியஸ் என்று பார்த்தால் இந்தப் பழைய கணக்குதான் முதல் வரி. முன்பு ஜாங்கோவோடு சேர்ந்து வந்த பைடிஇசட் நூலகத்தில் ஒரு பொறி உண்டு. நேர வலயத்தை அதற்கென்று உள்ள வழியில் ஒட்டாமல் நேரடியாகத் தேதியோடு சேர்த்தால், அது கேள்வி கேட்காமல் அந்த முதல் வரியை எடுத்துக்கொள்ளும். பத்து மணியிலிருந்து 3:50-ஐக் கழித்து யுடிசி 6:10 என்று சேமிக்கும். திருப்பிக் காட்டும்போது சரியான 4 மணி நேரத்தைக் கூட்டி 10:10 என்று காட்டும். நோயாளிகள் நூறு வருஷத்துக்கு முந்திய போர்ட் லூயியில் நேரம் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜாங்கோக்காரர்கள் இந்தப் பொறியைத் தெரிந்தே தூக்கி எறிந்தார்கள். 2021 டிசம்பரில் வந்த 4.0-விலேயே பைத்தானின் சொந்த ஸோன்இன்ஃபோ வழக்கமாகிவிட்டது. 2023 டிசம்பரின் 5.0-வில் பைடிஇசட் ஆதரவே போய்விட்டது. பதிப்பு ஏற்றும் வேலையில் யாராவது ஒருநாள் இறங்கியிருந்தால் அந்த வரி கண்ணில் குத்தியிருக்கும். இறங்கவில்லை, ஏனென்றால் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. (இதைக் கேட்டதும் "நான் எப்போதும் +4 என்று நேரடியாக எழுதிவிடுவேன், எனக்குப் பிரச்சினையில்லை" என்று சொல்லப்போகிறவர்களுக்கு: 2008 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை நம் அரசாங்கம் கோடைகால நேரத்தைச் சோதித்துப் பார்த்தது, ஞாபகமிருக்கிறதா? அந்த ஐந்து மாத ஆவணங்கள் உங்கள் தளத்தில் இருந்தால் அவை ஒரு மணி நேரம் தள்ளி நிற்கின்றன. போய்ப் பாருங்கள்.)

பத்து நிமிடம் போனால் போகட்டும். 2025 நவம்பர் 5-ஆம் தேதி வந்த பாதுகாப்புத் திருத்தம் அப்படிப்பட்டதல்ல. சிவிஇ 2025-64459 என்று எண் கொடுத்த ஓட்டை. தரவுத்தளத்தில் தேட நாம் தினமும் எழுதுகிற ஃபில்டர், எக்ஸ்க்ளூட், கெட் ஆகிய மூன்றிலும் இருந்தது. பயனர் அனுப்பும் தேடல் விவரங்களை அப்படியே ஒரு டிக்ஷனரியாக (சாவியும் அதற்கு மதிப்புமாக உள்ள பட்டியலாக) வாங்கி, இரண்டு நட்சத்திரம் போட்டு ஃபில்டருக்குள் விரித்துவிடும் பழக்கம் நம் ஊரில் எவ்வளவு பரவலானது என்று உங்களுக்கே தெரியும். மூன்று வரியில் தேடல் பக்கம் முடிந்துவிடும், வீட்டுக்குப் போகலாம். அந்த டிக்ஷனரியில் அடிக்கோட்டோடு தொடங்கும் 'கனெக்டர்' என்ற சாவியை ஒருவன் நுழைத்தால், அதன் மதிப்பு நேராகத் தரவுத்தளத்துக்குப் போகும் எஸ்க்யூஎல் வாக்கியத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். அதாவது உங்கள் தரவுத்தளத்தோடு அவன் நேரடியாகப் பேசலாம்.

4.2.26, 5.1.14, 5.2.8 என்று ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கு அன்றே திருத்தம் வந்தது. ஆதரவு முடிந்த பதிப்புகளைப் பற்றி அறிவிப்பில் இருந்தது ஒரே ஒரு எச்சரிக்கை: அவற்றைச் சோதிக்கவில்லை, அவையும் பாதிக்கப்பட்டிருக்கலாம். 3.2 முதலாளியே, உங்கள் தளத்துக்குக் கிடைத்தது அந்த 'இருக்கலாம்' மட்டும்தான். ஏப்ரலுக்கு அப்புறம் அடுத்த ஓட்டை வரும்போது 4.2 முதலாளிகளும் அந்த வரிசையில் வந்து நிற்பார்கள்.

இதைச் சட்டமும் கவனிக்கும். நம் 2017-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தனிப்பட்ட தரவு கசிந்தால் முடிந்தவரை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்திருந்தீர்களா என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். இரண்டு வருஷமாகத் திருத்தமே வராத மென்பொருளில் நோயாளிகளின் விவரத்தை வைத்திருந்தேன் என்ற பதிலை எந்த வக்கீலாலும் அழகாக்க முடியாது.

செலவு யார் கொடுப்பது என்கிறீர்கள். நியாயமான கேள்வி. கிளையன்ட் புது பட்டனுக்குப் பணம் கொடுப்பான், பதிப்பு ஏற்ற கொடுக்க மாட்டான். ஆனால் அவனிடம் அந்த வரியை இன்வாய்ஸில் நீங்கள் எப்போதாவது காட்டியிருக்கிறீர்களா? பராமரிப்பு ஒப்பந்தத்தில் "ஆதரவுள்ள ஜாங்கோ பதிப்பில் வைத்திருத்தல்" என்று தனியாக ஒரு வரி, அதற்கு வருஷத்துக்கு ஒரு தொகை என்று எழுதிக் கொடுத்த அலுவலகங்கள் இந்தத் தீவில் உண்டு. கிளையன்ட் முகம் சுளிப்பான், அப்புறம் கையெழுத்துப் போடுவான். இன்னொரு பதிலும் இப்போது புதிதாகக் கேட்கிறது: எல்லாவற்றையும் ஏஐ பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ளட்டும், நானும் தினம் பயன்படுத்துகிறேன். ஆனால் அது படித்து வளர்ந்ததில் பழைய நிரலும் ஏராளம். 4.0-விலேயே நீக்கப்பட்ட பழைய யுஆர்எல் எழுதும் முறையை இன்றைக்கும் கூச்சமில்லாமல் எழுதித் தருகிறது. பைடிஇசட்டையும் கூடவே இழுத்து வருகிறது. எது பழசு என்று சொல்ல அலுவலகத்தில் ஒருவராவது வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது உங்கள் வயிற்றுப்பாட்டைப் பற்றி. இனிச் சொல்லப்போவதற்காகத்தான் உண்மையில் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில், ஏட்ரியன் ஹொலவாட்டியும் சைமன் வில்லிசனும் தொடங்கிய வேலை ஜாங்கோ. 2005 ஜூலையில் ஊருக்குப் பொதுவாக்கினார்கள். 2025 ஜூலையில் இருபது வயது முடிந்தது. இன்ஸ்டாகிராம் எழுந்ததும் இதன் மேல்தான். 2008-லிருந்து ஜாங்கோ மென்பொருள் அறக்கட்டளை இதைப் பார்த்துக்கொள்கிறது. அந்த அறக்கட்டளை சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஃபெல்லோக்கள் இரண்டு மூன்று பேர்தான். வருகிற டிக்கெட்டை, அதாவது பிழைப் புகாரை, பிரிப்பது, மற்றவர் அனுப்பும் பேட்சைப் (திருத்தத்தைப்) பார்ப்பது, பாதுகாப்புப் புகாரைச் சோதிப்பது, பதிப்பு வெளியிடுவது எல்லாம் அவர்கள் தலையில். மீதி அத்தனையும் சம்பளமில்லாத கைகள். இப்போது அந்தச் சிலருக்கு ஒரு புதுத் தலைவலியும் சேர்ந்திருக்கிறது: ஏஐ கக்கிய, பார்க்க அசலாக இருக்கும் போலிப் பாதுகாப்புப் புகார்கள். ஏஐ உதவியோடு எழுதும் புகார்களுக்கென்று தனி விதியே எழுதிவைக்க வேண்டி வந்துவிட்டது. நவம்பர் ஓட்டை போன்ற ஒன்றைப் பிடிக்க வேண்டிய நேரம் இந்தக் குப்பையைக் கிளறுவதில் போகிறது.

காவடி முடிந்து கோவிலில் இலை போட்டு ஏழு கறியோடு சாப்பிடுகிறோம். அரிசி யார் உபயம், வாழையிலை யார் உபயம் என்று ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். விடிகாலையிலிருந்து பூசணிக்காய் நறுக்கியவர்கள் யார் என்றும் நமக்குத் தெரியும். அந்தப் பந்தியில் வருஷா வருஷம் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, உபயமும் தராமல், ஒரு பாத்திரமும் கழுவாமல் ஒருவர் எழுந்து போனால் கமிட்டியில் என்ன பேசுவீர்கள்? ஜாங்கோ பந்தியில் நம் எபேன் நிறுவனங்கள் அந்த ஒருவராக இருக்கின்றன. அறக்கட்டளையின் இணையதளத்தில் நன்கொடையாளர் பெயர்கள் வெளிப்படையாக இருக்கின்றன. உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

பணம் மட்டுமே கேட்கவில்லை. உங்கள் டெவலப்பருக்கு வாரத்தில் ஓர் அரை நாள் கொடுங்கள், சம்பளத்தோடு. ஜாங்கோவின் பிழைப் பதிவேடான டிராக்கில், புதியவர்களுக்கு என்றே எளிதானவை எனக் குறித்த டிக்கெட்டுகள் இருக்கின்றன. ஒரு பிழையை மறுபடி வரவழைத்துக் காட்டி, அதற்கு ஒரு டெஸ்ட் எழுதி அனுப்பினாலே போதும், ஒரு ஃபெல்லோவுக்கு அரை மணி நேரம் மிச்சம். புதிதாகப் பங்களிக்க வருகிறவர்களுக்கு ஜாங்கோநாட் ஸ்பேஸ் என்று ஒரு பயிற்சி நடக்கிறது. எட்டு வாரம், சிறு குழு, வழிகாட்டி ஒருவர், கட்டணம் இல்லை, வீட்டிலிருந்தே செய்யலாம். இப்போது எங்கள் அலுவலகத்தில் இருக்கும் தங்கை ஒருத்தி முன்பு அதற்கு விண்ணப்பித்தபோது, அவளுடைய அப்போதைய முதலாளி சொன்னது: "அதையெல்லாம் ராத்திரியில் வைத்துக்கொள்." அவள் ராத்திரியில் வைத்துக்கொண்டாள், அப்புறம் எங்களிடம் வந்துவிட்டாள். நஷ்டம் யாருக்கு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் வேலை, இந்தத் தீவிலிருந்து என்ன செய்ய முடியும் என்ற பேச்சும் எனக்குப் பழக்கம்தான். ஆப்பிரிக்காவுக்கு இணைய எண்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஆஃப்ரினிக் இருப்பதே எபேனில். மதியச் சாப்பாட்டுக்கு அந்த வழியாகத்தான் நடந்து போகிறீர்கள். சைபர்ஸ்டார்ம் குழுவின் பையன்கள் இதே தீவில் உட்கார்ந்துகொண்டுதான் இணையத் தொடர்பைப் பூட்டிக் காக்கும் டிஎல்எஸ் 1.3-ஐ மென்பொருள்களுக்குள் கொண்டுபோகும் வேலையில், இணையத்தின் விதிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் ஹேக்கத்தான்களில் கை கொடுத்தார்கள். ஜாங்கோவிலும் அப்படித்தான். சிம்பாப்வேயைச் சேர்ந்த அன்னா மகருட்ஸே அந்த அறக்கட்டளையின் தலைவராகவே இருந்தவர். ஜாங்கோக்காரர்கள் கூடும் ஜாங்கோகான் ஆப்பிரிக்கா மாநாடு 2023 நவம்பரில் சான்சிபாரில் நடந்தது, 2025 ஆகஸ்டில் அருஷாவில். இரண்டும் தான்சானியா, நம் பக்கத்துக் கடல். கிளையன்ட்டோடு கை குலுக்கப் பாரிஸுக்கு டிக்கெட் போடுகிற அலுவலகங்கள் அருஷாவுக்கு ஒருவரை அனுப்ப யோசிக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காமல் கேளுங்கள். 1998-ல் வந்த புது ரூபாய் நோட்டில் தமிழ் இந்திக்குக் கீழே இறங்கியபோது இந்தத் தீவின் தமிழர்கள் எப்படித் திரண்டார்கள்! நோட்டையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அன்றைக்குக் கத்திய பெரியவர்களில் சிலர் இன்றைக்கு மென்பொருள் நிறுவனங்களின் பங்குதாரர்கள். ஜாங்கோ தன் மொழிப் பட்டியலில் தமிழையும் வைத்திருக்கிறது. அதன் நிர்வாகப் பக்கத்தை ஒருமுறை தமிழுக்கு மாற்றிப் பாருங்கள், பாதிப் பேச்சில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். அங்கே நம்மை யாரும் கீழே இறக்கவில்லை. இடம் காலியாகக் கிடக்கிறது, நிரப்ப ஆளில்லை. மொழிபெயர்ப்பு நடக்கும் டிரான்சிஃபெக்ஸ் தளத்தில் ஒரு கணக்கு திறந்தால் போதும், மோகாவில் தமிழ் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளில் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் அதை முடித்துவிடலாம். அதற்கு ஊர்வலம் தேவைப்படாது. ஒருவேளை அதனால்தான் யாரும் வரவில்லையோ என்னவோ.

மறுபடி ஏப்ரலுக்கு வருகிறேன். 3.2-விலிருந்து 5.2-க்கு ஒரே தாவலில் போக முயலாதீர்கள். முதலில் 4.2, அதில் டெஸ்ட்டை எச்சரிக்கைகள் தெரியும்படி ஓட்டி, வருகிற மஞ்சள் வரிகளையெல்லாம் சரிசெய்யுங்கள், அப்புறம் 5.2. ஜாங்கோ-அப்கிரேடு என்ற கருவி பாதி எழுத்து வேலையைத் தானே செய்துவிடும். டெஸ்ட்டே எழுதவில்லை என்றால், பணம் புழங்கும் பக்கங்களுக்கும் தேதி புழங்கும் பக்கங்களுக்கும் மட்டுமாவது முதலில் எழுதுங்கள். 6.0-வுக்கு அவசரமில்லை. பின்னணி வேலைகளுக்கான வசதி, பக்கத்துக்குள் அந்நிய ஸ்கிரிப்ட் நுழையாமல் தடுக்க உதவும் சிஎஸ்பி ஆதரவு என்று நல்ல சரக்கெல்லாம் அதில் வந்திருக்கிறது, ஆனால் பைத்தான் 3.12 வேண்டும். உங்கள் சர்வரில் என்ன பைத்தான் இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. இந்த மடலுக்கு அந்தச் சோகம் வேண்டாம்.

மார்ச்சில் சனிக்கிழமைகளில் எங்கள் அலுவலகத்தைத் திறந்து வைக்கிறோம். பதிப்பு ஏற்ற வழி தெரியாத சின்ன அலுவலகங்கள் மடிக்கணினியோடு வரலாம். கட்டணம் இல்லை, ஃபரத்தாவும் டீயும் எங்கள் பொறுப்பு. வருகிற முதலாளிகளிடம் மூன்று விவரம் கேட்போம்: எத்தனை தளங்கள், ஒவ்வொன்றும் எந்தப் பதிப்பு, அறக்கட்டளைக்கு இந்த வருஷம் என்ன உபயம். மூன்றாவதற்குப் பதில் பூஜ்யம் என்றாலும் உள்ளே விடுவோம். ஆனால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், அதில் உங்கள் நிறுவனத்தின் பெயருக்கு நேரே அந்தப் பூஜ்யத்தை நீங்களே எழுத வேண்டும்.

இப்படிக்கு,
எபேனில் ஜாங்கோ எழுதும் உங்கள் ஊர்க்காரன்